மெயின் சுவிட்சை யார் அணைத்தது

ரவாங்,
1.3.1986

அக்கா அமராவதிக்கு, தம்பி உமாபதி எழுதுவது.

செவ்வாய்க்கிழமை மாலை கார்த்திகேசு மச்சான் தொழிற்சாலைக்குப் போன் செய்தார். "மாமாவுக்கு மூச்சு அடைச்சிருச்சு. இப்போ பரவால்ல. ஆஸ்பத்திரியில வச்சிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். வேறு விவரம் இல்லை. வியாழக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு போய் அப்பாவைப் பார்த்தேன். நீங்கள் அப்போதுதான் குளிக்க வீட்டுக்குப் போனதாக நர்ஸ் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் காத்திருக்க முடியவில்லை.

அப்பாவிடம் நடந்ததைக் கேட்டேன். சிலேட்டில் எழுதிக் காட்டினார். "சளி அடைச்சது. மெஷின் ஓடல. தம்ளரால கட்டிலைத் தட்டினேன். யாரும் வரல." இதற்குமேல் எழுதாமல் சிலேட்டைத் துடைத்துவிட்டார்.

பிறகு மச்சானிடம் மறுபடி போனில் பேசினேன். காலை பத்து மணி வாக்கில் இடி இடித்ததில் உங்கள் வீட்டு மெயின் சுவிட்சு மட்டும் விழுந்திருக்கிறது. பக்கத்து வீடுகளில் கரண்டு இருந்திருக்கிறது. நான் ஜனவரியில் கட்டிக்கொடுத்த பெட்டி, கரண்டு போன அந்த நொடியே சளி இழுக்கும் மெஷினை லோரி பாட்டரிக்கு மாற்றிவிட்டது. சத்தமில்லாமல் மாறியதே வினையாகிவிட்டது. பகல் நேரம், விளக்கு போடவில்லை, வீட்டில் கரண்டு இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. பாட்டரி இருந்தவரை மெஷின் ஓடியது. மாலை நான்கு மணிக்குத் தேவைப்பட்டபோது ஓடவில்லை.

ஒன்று மட்டும் எனக்குக் கணக்குக்கு வரவில்லை. அந்தப் பாட்டரியில் மெஷின் முழுதாக இரண்டு மணி நேரம் ஓடும். ஒரு தடவை சளி இழுக்க இரண்டு நிமிடம் போதும். அப்படியானால் மெஷினை அணைக்காமல் ஓடவிட்டுப் போனது யார்? அப்பா தம்ளரைத் தட்டியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? குரல்வளையையே எடுத்துவிட்டு, கழுத்தில் வைத்த குழாயால் மூச்சு விடும் மனிதர் கூப்பிட்டு ஆள் அழைக்க முடியாது. இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

ஞாயிறு 9ஆம் தேதி வருகிறேன். வீடு பாட்டரிக்கு மாறினால் உடனே மணி அடிக்கும்படி ஒன்று செய்து கொண்டுவருகிறேன்.

உமாபதி


புக்கிட் ரோத்தான்,
5.3.1986

தம்பி உமாபதிக்கு,

அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி குடிக்கிறார். இதை நீ முதலில் கேட்டிருக்கலாம்.

நீ கேட்டதற்குப் பதில். மெஷினை அணைக்காமல் விட்டது நான்தான். அன்று விடிந்ததிலிருந்து அப்பாவுக்குச் சளி கெட்டியாக இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இழுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அணைத்து அணைத்துப் போடாமல் மதியம்வரை ஓடவே விட்டேன். கரண்டில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டரியில் ஓடுகிறது என்று மெஷின் என்னிடம் சொல்லவில்லை, நீ கட்டிய பெட்டியும் சொல்லவில்லை.

அப்பா தட்டியபோது பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்காவின் குழாயடியில் இருந்தேன். எங்கள் குழாயில் அன்று தண்ணீர் வரவில்லை. போய்ப் பதினைந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அக்டோபரில் அப்பாவை ஆபரேஷன் முடிந்து கூட்டிவந்ததிலிருந்து இந்த ஐந்து மாதத்தில் நான் இந்தத் தாமான் குடியிருப்பை விட்டுத் தாண்டியது மூன்று முறை. மூன்றும் மருந்து வாங்க. ஐந்து மாதத்தை யாரும் எண்ணவில்லை. பதினைந்து நிமிடத்தை நீ எண்ணுகிறாய்.

அந்த நேரம் பார்த்து மச்சான் எண்ணெய்ப்பனைப் பழம் இறக்கிவிட்டு லோரியோடு வந்தார். ஏதோ செய்து சளியை எடுத்தார். என்ன செய்தார் என்று இப்போது எழுதத் தேவையில்லை.

மணி கொண்டுவருகிறேன் என்கிறாய், கொண்டுவா. அப்பாவுக்குப் பிரயோசனப்படும் எதையும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. வரும்போது உன் மனைவி கலாவதியையும் கூட்டிவா. அவள் இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

அமராவதி


புக்கிட் ரோத்தான்,
21.3.1986

தம்பி உமாபதிக்கு,

நீ வந்து மணி மாட்டிப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. பாட்டரிக்கு மாறிய நேரத்தை எழுதச் சொன்னாய். இரண்டு தடவை மாறியது. 13ஆம் தேதி மத்தியானம் பதினைந்து நிமிடம். 18ஆம் தேதி மாலை நாற்பது நிமிடம். இரண்டும் தாமான் முழுக்கப் போன கரண்டு.

முதல் தடவை அடித்தபோது வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூட மணி மாதிரி என்ன சத்தம். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மணியை நிறுத்தும் பொத்தானை நான் தேடுவதற்குள் அவரே எட்டி அழுத்திவிட்டார். எஸ்டேட் தோட்டத்து எஞ்சின் ரூமில் முப்பது வருடம் டைனமோ ஓட்டிய கை அல்லவா. "கரண்டு இருக்கறவரைக்கும் காந்தம் பிடிச்சு வச்சிருக்கு. போனதும் விட்டுடுது. விட்டா மணி" என்று சிலேட்டில் எழுதி எனக்குப் பாடம் நடத்தினார். உன் வேலை அவருக்குப் பிடித்திருக்கிறது. அதை அவர் எழுதவில்லை, நானாகச் சொல்கிறேன்.

நீ வாங்கிவந்த சுவர்க் கடிகாரம் அவர் கட்டிலுக்கு எதிரே மாட்டியபடியே இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பின்தங்கி ஓடுகிறது. முள்ளைத் தொட்டால் உடைந்துவிடும் என்று சொல்லிப் போனாயே, அதனால் யாரும் தொடவில்லை. கடையில் ஏமாற்றிவிட்டார்களோ என்னவோ, வரும்போது பார்.

அமராவதி


ரவாங்,
1.4.1986

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க மனம் வரவில்லை. மச்சானும் பக்கத்தில் இருந்தார். அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கடிகாரம் கெட்டுப்போகவில்லை. அது பிளக்கில் ஓடும் கடிகாரம். வீட்டில் கரண்டு நின்றால் அதுவும் நிற்கும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். முள் உடையும் என்று சொன்னது பொய். யாரும் திருப்பி வைக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். நான் மாட்டிய நாளிலிருந்து இதுவரை வீட்டில் எவ்வளவு நேரம் கரண்டு இல்லையோ, அவ்வளவு நேரம் அது பின்தங்கியிருக்கும்.

ஞாயிறன்று அது மூன்று மணி பத்து நிமிடம் பின்தங்கியிருந்தது.

நீங்கள் எழுதியது ஐம்பத்தைந்து நிமிடம். அதற்குப் பிறகு வேறு கரண்டு போகவில்லை என்று அன்று நேரிலும் சொன்னீர்கள். அப்படியானால் மீதி இரண்டு மணி பதினைந்து நிமிடம் அப்பா பாட்டரியில் இருந்தது உங்களுக்குத் தெரியாதா? மணி அடிக்கவில்லையா? நான் சோதித்துப் பார்த்தபோது மணி நன்றாக அடித்தது. மணி அடித்தும் எனக்கு எழுதவில்லை என்றால் ஏன் எழுதவில்லை?

இன்னொன்றும் கவனித்தேன். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் உட்கார்ந்தால் கழுத்து தெரியும் உயரத்தில், ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த, காலால் மிதித்துச் சளி இழுக்கும் கால்பம்பு பிளாஸ்டிக் உறை பிரிக்கப்பட்டு வெளியே இருக்கிறது. என்ன விஷயம் என்று அப்பாவைக் கேட்டேன். சிலேட்டை எடுக்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னிடமிருந்து ஒன்றை மறைத்து நான் பார்த்ததில்லை.

பதில் எழுதுங்கள்.

உமாபதி


புக்கிட் ரோத்தான்,
4.4.1986

உமாபதிக்கு,

பரிசு என்று சொல்லி வேவு பார்க்க ஒன்றை மாட்டிவிட்டுப் போனாய். அப்பாவின் கண்ணெதிரே மாட்டினாய். நான் அதைத் தினமும் துணி வைத்துத் துடைத்தேன்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதமாட்டேன். இந்த வீட்டில் நடக்கிற எல்லாவற்றையும் ரவாங்குக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பா நன்றாக இருக்கிறார். ஆறு மாதத்தில் இப்போதுதான் நன்றாக இருக்கிறார். அது போதாதா உனக்கு?

உன் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இந்தத் தாமான் வீடு அப்பா பெயரில் இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று போன வருடம் ஆஸ்பத்திரியில் கலாவதி என்னிடம் கேட்டாள். விளையாட்டாகக் கேட்டாளாம். நீ எங்களைச் சந்தேகப்பட்டால் நானும் உன்னைச் சந்தேகப்படலாம் அல்லவா? ஆஸ்பத்திரியில் அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று டாக்டர் கேட்டபோது நீ தரையைப் பார்த்தாய். மச்சான்தான் "எங்க வீட்டுக்குக் கொண்டுபோறோம்" என்றார். இப்போது மூன்று மணி பத்து நிமிடம் என்று கணக்கோடு வந்து நிற்கிறாய்.

கடிகாரத்தைக் கழற்றிப் போட நினைத்தேன். அப்பா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். அதனால் தொங்குகிறது.

அமராவதி


ரவாங்,
9.4.1986

அக்காவுக்கு,

இனி மறைத்து எழுதுவதில் பயனில்லை.

காளியம்மா அக்காவின் தம்பி சேது எங்கள் தொழிற்சாலைக்கு லோரி ஓட்டி வருகிறான். திங்கட்கிழமை கேண்டீனில் அவனாகவே கேட்டான்.

"என்னண்ணே, உங்க அக்கா வீட்டுல மட்டும் அடிக்கடி கரண்டு போவுது?"

"ஏன், என்ன பாத்தே?"

"போன வாரம் எங்கக்கா வீட்டுல டிவி பாத்துக்கிட்டு இருந்தேன். எங்களுக்குக் கரண்டு இருக்கு. உங்க வீட்டுல மணி அடிக்குது. எட்டிப் பாத்தா உங்க மச்சான் வாசல்ல மீட்டர் பெட்டியைத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்குறாரு. மெயின் சுவிட்சு மேலதான் கை. ரிப்பேருன்னு நினைச்சேன் லா."

மச்சான் லோரி ஓட்டுகிறவர். மின்சார வேலை அவருக்குத் தெரியாது. ரிப்பேர் என்றால் எனக்குச் சொல்லி அனுப்பியிருப்பீர்கள்.

அக்கா, நான் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. பிப்ரவரியில் விழுந்த சுவிட்சும் இடியில் தானாக விழுந்ததுதானா என்று யோசிக்கிறேன். அன்று ஏதோ செய்து சளியை எடுத்தார் என்று எழுதினீர்கள். என்ன செய்தார் என்று எழுதவில்லை. வீடு அப்பா பெயரில் இருக்கிறது என்பதை என்னிடம் எழுதியதும் நீங்கள்தான், நான் எழுதவில்லை.

மச்சான் அப்பாவுக்குக் கெடுதல் நினைக்கிறார் என்று எழுத என் கை கூசுகிறது. ஆனால் குரல் இல்லாத ஒருவர் வீட்டில் இருக்கும்போது, ஒரு மனிதன் தன் கையால் போய் மெயின் சுவிட்சை அணைக்கிறான் என்றால் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? உங்களுக்குத் தெரிந்தே நடக்கிறதா, தெரியாமல் நடக்கிறதா? எது பெரிய துக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு வருகிறேன். அப்பாவை இங்கே கொண்டுவந்துவிடுகிறேன். எங்கள் வாடகை வீட்டில் ஓர் அறைதான். பரவாயில்லை. கலாவதி வேலையை விட்டுவிடுவாள்.

உமாபதி


புக்கிட் ரோத்தான்,
12.4.1986

தம்பிக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவர் கேட்டார். கொடுக்கவில்லை. மச்சானிடம் மட்டும் காட்டினேன். படித்து மடித்துக் கொடுத்துவிட்டு லோரி கழுவப் போய்விட்டார். இரண்டு மணி நேரம் கழுவினார்.

முதலில் பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். நான் குழாயடியிலிருந்து ஓடிவந்தபோது அப்பாவின் உதடு நீலமாக இருந்தது. மெஷினைத் தட்டினேன், ஓடவில்லை. கால்பம்பு கட்டிலுக்கு அடியில் உறை பிரிக்காமல் கிடந்தது. எப்படி மாட்டுவது என்று எனக்குத் தெரியாது. அப்போதுதான் மச்சான் உள்ளே வந்தார். அப்பாவின் தொண்டைக் குழாயில் ரப்பர்க் குழாயை விட்டு, மறுமுனையைத் தன் வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினார். மறுபடி உறிஞ்சித் துப்பினார். ஐந்தாறு தடவை. அப்பாவுக்கு மூச்சு வந்தது. பிறகு கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தார். "யாருக்கும் சொல்லாதே, மாமாவுக்குச் சங்கடமா இருக்கும்" என்றார். அதனால்தான் உனக்கு எழுதவில்லை. நீ அந்த இடத்தில் வேறொன்றை எழுதிக்கொண்டாய்.

இப்போது சுவிட்சு விஷயம்.

கோலசிலாங்கூர் ரோட்டில் புதிதாகத் தையல் தொழிற்சாலை ஒன்று திறந்திருக்கிறார்கள். இங்கே சந்திப்பில் பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. ஜனவரியில் பெயர் கொடுத்து வைத்தேன். மார்ச் முதல் வாரம் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மறுநாள். கிழித்து அடுப்பில் போடப் போனேன். அப்பா எப்படியோ பார்த்துவிட்டார். வாங்கிப் படித்தார். மூன்றாம் பாரத்தோடு, பதினைந்து வயதில், என் படிப்பை நிறுத்தி, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் உட்கார வைத்தது உனக்கு நினைவிருக்கும். நீ தொழிற்பள்ளிக்கு ரயில் ஏறிய வருடம் அது. சிலேட்டில் எழுதினார். "அப்போ உன்னை நிறுத்தினேன். இப்போ நிறுத்தமாட்டேன். போ."

"உங்களை விட்டுட்டு எப்படிப்பா போறது?" என்றேன்.

"நானே இழுத்துக்கறேன். கத்துக்கிட்டா முடியும்."

தொழிற்சாலையில் போய்க் கெஞ்சினேன். ஏப்ரல் 21ஆம் தேதி சேரலாம் என்றார்கள். நீ மணி மாட்டிப்போன மறுநாளே ஆரம்பித்தோம். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அவரே குழாயை விட்டுச் சளி இழுக்கப் பழகினார். முதல் நான்கு நாள் கரண்டிலேயே. பிறகு நான் மெயினை அணைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அணைத்தேன். மணி அடித்தது, நிறுத்தினார், இழுத்தார், எல்லாம் சரியாகச் செய்தார். எனக்குச் சந்தோஷம். அவருக்கு இல்லை. "சொல்லிட்டு அணைச்சா அது பரீட்சை இல்ல. கரண்டு சொல்லிட்டா போவுது?" என்று எழுதினார். சொல்லாமல் அணைத்துப் பார்த்தேன். நான் வாசலுக்குப் போகும் நடையிலேயே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு மச்சானிடம் விட்டார்.

மச்சான் ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் நடுவே எப்போதாவது வந்து அணைப்பார். முதல் தடவை அப்பாவுக்குக் கை நடுங்கிக் குழாய் கீழே விழுந்தது. முகம் கறுத்துவிட்டது. நான் ஓடினேன். மச்சான் என்னைத் தடுத்துக் கால்பம்பு மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, "மாமா, கை காட்டுங்க, அப்பத்தான் தொடுவேன்" என்றார். அப்பா கை காட்டவில்லை. வேறு குழாயை எடுத்தார். அன்று இரண்டு பேரும் வேர்த்து நனைந்து போனார்கள். அப்படி 30ஆம் தேதிவரை, நான் அணைத்ததையும் சேர்த்து, ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம். கணக்குப் போட்டுப் பார், உன் இரண்டு மணி பதினைந்து நிமிடம் வரும்.

கடிகாரத்தின் சூட்சுமத்தை அப்பா முதல் வாரமே கண்டுபிடித்திருக்கிறார், நான் கழற்றப் போனபோதுதான் சொன்னார். "உன் தம்பி நம்மள எண்ணுறான்" என்று எழுதிச் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாங்கள் பழகுவதை உனக்குச் சொல்லக் கூடாது என்றதும் அவர்தான். வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து நிறுத்திவிடுவாய் என்று பயம். எனக்கும் பயம்தான். வேலைக்குப் போவதற்காக அப்பாவின் உயிரோடு விளையாடினாள் என்று நீ சொல்வாய் என்று பயந்தேன். இரவில் எனக்கே அப்படித் தோன்றும்.

வேன் கொண்டுவருவதானால் கொண்டுவா. அப்பா ஏறினால் கூட்டிப்போ.

அமராவதி


ரவாங்,
24.4.1986

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிறன்று வேன் கொண்டுவரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று, புதன்கிழமை, வந்தேன் என்பதையும் இதற்குள் அப்பா சொல்லியிருப்பார். அவர் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நம்பினேன். பிறகு, நம்ப வேண்டும் என்று ஆசைப்படுவதால் நம்புகிறேனோ என்று தோன்றியது. அப்பா உண்மையிலேயே விரும்பிச் செய்கிறாரா, உங்களுக்காக ஒத்துக்கொண்டாரா? என் கண்ணால் பார்க்காமல் மனம் அடங்கவில்லை. நீங்கள் வேலைக்குப் போயிருப்பீர்கள் என்று தெரிந்தே பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினேன்.

வாசலில் சத்தம் போடாமல் நின்றேன். மீட்டர் பெட்டியைத் திறந்தேன். மச்சானை எந்தச் செயலுக்காகக் குற்றம் சொன்னேனோ அதையே நானும் செய்தேன். மெயினை அணைத்தேன்.

உள்ளே மணி அடித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நொடியில் நின்றது. ஜன்னல் கண்ணாடிப் பட்டையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்பா கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, கழுத்தை நிமிர்த்தி, குழாயை இரண்டு விரலில் பிடித்து உள்ளே விட்டார். மெஷின் ஓடியது. இழுத்தார். மெஷினை உடனே அணைத்தார். சிவப்பு விளக்கை ஒருமுறை பார்த்தார். குழாயைக் கழுவி மூடி வைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கை நடுங்கவில்லை. நான் மெயினைத் திரும்பப் போட்டேன்.

பிறகு அவர் சிலேட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மச்சான் என்று நினைத்து வந்திருக்கிறார். கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்றும் பார்த்தார். யாரும் இல்லை. நின்றபடியே எழுதிக் காட்டினார்.

"கார்த்திகேசு அணைச்சா உள்ள வந்து என் பக்கத்துல நிப்பான்."

அக்கா, நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவர் சிலேட்டைத் துடைத்துவிட்டு "டீ குடிக்கிறியா" என்று எழுதினார். அவரே போட்டார். சர்க்கரை அதிகம்.

பன்னிரண்டு மணிக்கு மச்சான் சாப்பிட வந்தார். என் செருப்பை வாசலில் பார்த்தும் முகம் மாறவில்லை. "வா மாப்ளே, சாப்ட்டியா?" என்றார். என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. "மச்சான், நான் எழுதினதெல்லாம் தப்பு. மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"விடு லா. எங்கப்பனா இருந்தா நானும் சந்தேகப்பட்டிருப்பேன்" என்று சொல்லி என் தட்டில் மீன் துண்டு வைத்தார். பிறகு, "ஆனா அந்த லெட்டரை உங்கக்கா ரெண்டு நாளு தலகாணிக்கு அடியில வச்சிருந்தா. அதுக்கு அவகிட்டக் கேளு மன்னிப்பு" என்றார்.

கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது தரையைப் பார்த்ததற்கும் சேர்த்துக் கேட்கிறேன். பத்திரத்தைப் பற்றிக் கலாவதி கேட்டது எனக்குத் தெரியாது. அவளிடம் விசாரித்தேன். வீட்டுக் கடனுக்குப் பத்திரம் எப்படி இருக்கும் என்று பார்க்கக் கேட்டதாகச் சொல்கிறாள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

நீங்கள் இல்லாத நேரத்தில் அப்பா மட்டும் மணியைக் கேட்டால் போதாது. காளியம்மா அக்காவிடம் பேசிவிட்டேன். அவர் அடுப்படிவரை கம்பி இழுத்து இன்னொரு மணி மாட்டுகிறேன். ஞாயிறு கலாவதியோடு வருகிறேன். கடிகாரத்தை நானே கழற்றிவிடுகிறேன்.

உமாபதி


புக்கிட் ரோத்தான்,
7.5.1986

தம்பி உமாபதிக்கு,

நேற்று நடந்ததை நீ வேறு யார் வாயாலும் கேட்பதற்கு முன்னால் நானே எழுதுகிறேன். எல்லோரும் சுகம். பயப்படாமல் படி.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பெருங்காற்று அடித்தது. நான் தைத்துக்கொண்டிருந்தேன். சட்டைக் காலர் பாதியில் இருக்கும்போது மெஷின் நின்றது. என்னுடையது மட்டும் இல்லை, அறுபது மெஷினும் ஒரே நேரத்தில் நின்றது. மேலே காற்றாடி சுற்றி ஓய்ந்தது. பெண்கள் எல்லாம் சிரித்துக்கொண்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சூப்பர்வைசர் வந்து, "பெரிய மரம் விழுந்து கம்பி அறுந்திருச்சு. புக்கிட் ரோத்தான் வரைக்கும் கரண்டு இல்ல. சாயந்தரம் ஆவும்" என்றார்.

பஸ் ஐந்தரைக்குத்தான். மூன்றரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலி புஷ்பவள்ளி, "என்னக்கா பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று கேட்டாள். நீ செய்த மணி இந்நேரம் இரண்டு வீட்டிலும் அடித்திருக்கும் என்று நினைத்தேன். காளியம்மா அக்கா கடைக்குப் போயிருந்தால்? மச்சான் கலும்பாங் பக்கம் லோடு ஏற்றப் போன நாள் வேறு. உன் சந்தேகம் எல்லாம் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டது. உன்னை நான் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். மீதியை வைத்திருக்கிறேன்.

பஸ் மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர ஆறேகால் ஆகிவிட்டது. சந்திப்பிலிருந்து ஓடினேன். வீட்டில் இன்னும் கரண்டு வரவில்லை.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காளியம்மா அக்கா. அவர் காலடியில் கால்பம்பு. "மணி அடிச்சு நான் வர்றதுக்குள்ள உங்கப்பா எல்லாத்தையும் முடிச்சிட்டாரு. அதுக்கப்புறம் எனக்குத்தான் வேலை குடுத்தாரு. மிதி மிதின்னு என் காலு போச்சு" என்றார். அப்பா சிலேட்டை என் பக்கம் திருப்பினார். எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்.

"மெஷின் ஒரு தடவைதான். மத்தது எல்லாம் கால்பம்பு. பாட்டரி முக்காவாசி மிச்சம்."

மூச்சு வாங்க நின்றேன். அவர் அதைத் துடைத்துவிட்டு வேறொன்று எழுதினார்.

"பெக்டரியில மெஷின் நின்ன நேரத்துக்குச் சம்பளம் உண்டா?"

காளியம்மா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றரை மணி நேரம் நான் அவரைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தேன். அவர் என்னைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், ஒரு தகப்பன் வேலைக்குப் போன மகளைப் பற்றிக் கவலைப்படுகிற மாதிரி.

சேர்ந்து இரண்டு வாரமாகத் தினமும் பஸ் ஏறிப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறேன் தம்பி. ஆனால் நேற்றுத்தான் நான் வேலைக்குப் போனேன் என்று எனக்குத் தோன்றியது.

சம்பளம் உண்டு என்று சொன்னார்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அமராவதி